புதிய அணிகளின் அனுமதியும் அரசியல்வாதிகளின் தலையீடும்: 1981ஐ முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று கூறுதல் எளிது. பரிசளிப்பு விழாக்களில் அவ்வாறு கூறுவோரிற் பெரும்பாலோர் அரசியல்வாதிகளாகவே இருப்பதும் நாம் அறிந்ததே. ஆயின் விளையாட்டின் வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குவோர்க்கு, இவ்விரண்டும் முற்றாகப் பிரிந்து நின்ற காலம் ஒன்று இருந்ததாகத் தோன்றாது. சிறப்பாக, ஒரு போட்டித் தொடரில் அல்லது ஒரு விளையாட்டு மன்றத்திற் புதிய அணியொன்றைச் சேர்ப்பதா, தவிர்ப்பதா என்ற வினா எழும் வேளைகளில் அரசியல்வாதியின் கை ஏதோ ஒரு வகையில் அவ்விடத்தே காணப்படுகின்றது. அக்கை எப்போது கதவைத் திறக்கின்றது, எப்போது அதே கதவை அடைக்கின்றது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளை மாவட்டத்திற் பிறந்த ஒருவனுக்கு இது வெறும் ஏட்டு வினாவன்று. எமது மாவட்டத்தின் வட எல்லையை அண்டித் தம்புள்ளைக் குன்றின் அயலிலே, விகாரைக்குரிய நிலத்தில், ரங்கிரி தம்புள்ளை சர்வதேச விளையாட்டரங்கு எழுந்துள்ளது. கட்டுப்பாட்டுச் சபையின் அன்றைய தலைவர் திலங்க சுமதிபாலவின் முயற்சியால் அது 167 நாட்களிற் கட்டி முடிக்கப்பெற்றது. 2001 மார்ச் 23ஆந் திகதி இலங்கையும் இங்கிலாந்தும் அங்கு முதலாவது ஒருநாட் போட்டியில் மோதின. கொழும்பில் மழை பொழியும் மாதங்களிலும் வறண்ட வலயத்தில் ஆட்டம் நடத்தலாம் என்ற எண்ணமே அதன் தோற்றத்துக்குக் காரணமாயிற்று. எனினும், இத்தகைய அரங்கொன்றில் வெளிநாட்டு அணியொன்று வந்து ஆடுவதற்கு, இலங்கை முதலிற் சர்வதேச மன்றத்தின் முழு உறுப்புநாடாக ஆகியிருத்தல் வேண்டும். அவ்வுறுப்புரிமை 1981ஆம் ஆண்டிலேயே கிட்டியது. அதனைப் பெற்று வந்தவர் ஓர் அமைச்சர்.

அக்கதையினுட் புகுமுன், அண்மையில் மோட்டார் ஓட்டப் பந்தய உலகில் நிகழ்ந்த ஒன்றை நோக்குதல் பயன்தரும். 1981இல் மூடிய அறைக்குள் நடந்தவை பல, இங்கே வெட்டவெளியில் நடந்தேறின.

பதினோராவது அணி

போர்மியுலா 1 எனப்படும் உலகப் பந்தயத் தொடரில் இரு அதிகார பீடங்கள் உள. விதிகளை வகுப்பது சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம். வணிக உரிமையை வைத்திருப்பது வேறொரு நிறுவனம். அந்நிறுவனம் 2017 முதல் லிபர்ட்டி மீடியா என்னும் அமெரிக்கக் கம்பனியின் உடைமையாக உள்ளது. இவ்விரட்டை அமைப்பும் தானாகத் தோன்றியதன்று. ஒரே சம்மேளனம் விதிகாப்பாளனாகவும் வணிகனாகவும் இருத்தல் தகாது என்று ஐரோப்பிய ஆணைக்குழு விசாரணை நடத்தியதன் விளைவாக, 2001ஆம் ஆண்டளவிற் சம்மேளனம் விதிகாக்கும் பணியோடு தன்னை மட்டுப்படுத்திக்கொள்ள இணங்கிற்று. ஆகவே, பின்னாளிற் புதிய அணியொன்று இரு கதவுகளைத் தட்ட நேர்ந்தமைக்கே, முன்னர் நிகழ்ந்த ஓர் அரசியல் தலையீடும் காரணம் எனலாம்.

1978ஆம் ஆண்டின் உலகச் சம்பியனான மாரியோ அன்ட்ரெட்டியின் மகன் மைக்கல் அன்ட்ரெட்டி, ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் கடிலாக் பெயரோடு இணைந்து, பதினோராவது அணியாகச் சேர 2023இல் முயன்றார். தொழில்நுட்பம், நிதி முதலியவற்றைப் பரிசீலித்த சம்மேளனம் அவ்வாண்டு ஒக்ரோபர் 2ஆந் திகதி இசைவு தந்தது. ஆயின் 2024 ஜனவரி 31ஆந் திகதி வணிக உரிமையாளர் மறுத்துவிட்டனர். அவ்வணி போட்டியிடும் வலுவுடையதாயிராது என்றும், பதினோராவது அணி என்ற அளவில் தொடருக்கு மதிப்பெதனையும் சேர்க்காது என்றும் காரணங் கூறப்பட்டது. இக்கூற்றின் பின்னணியில் எளியதொரு கணக்கும் இருந்தது. பரிசுப் பணத்தைப் பத்து அணிகள் பகிர்ந்துகொண்டிருந்தன. பதினோராவது அணி வரின் ஒவ்வொருவர் பங்கும் குறையும். அதனை ஈடுசெய்யப் புதிய அணி 200 மில்லியன் டொலர் செலுத்த வேண்டும் என்ற விதி அன்றிருந்த ஒப்பந்தத்தில் இருந்தது. ஆயினும் அத்தொகை போதாதென்பதே உள்ளிருந்தோரின் எண்ணம்.

இந்நிலையில் அரசியல்வாதிகள் களம் புகுந்தனர். 2024 மே முதலாந் திகதி மாரியோ அன்ட்ரெட்டி வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் மாளிகைக்குச் சென்றார். மிச்சிகன் மாநில உறுப்பினர் ஜோன் ஜேம்ஸ் முன்னின்று, பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பன்னிருவர் லிபர்ட்டி மீடியாவுக்குக் கடிதம் எழுதினர். எந்த அதிகாரத்தின் பேரில் அமெரிக்க அணியொன்றை மறுக்கின்றீர்கள் என வினவி, ஏகபோகத்துக்கு எதிரான 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தையும் நினைவூட்டினர். சபையின் நீதிக்குழுத் தலைவரும் விளக்கங் கோரினார். அவ்வாண்டு ஆகஸ்டில், நீதித்திணைக்களம் விசாரணை நடத்துவதாக லிபர்ட்டி மீடியாவே வெளியிட்டது. நவம்பர் 25ஆந் திகதி கொள்கையளவில் இசைவு அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் இறுதி அனுமதி கிடைத்தது. 2026 பருவம் முதல் பதினோராவது அணி சேர்க்கப்படலாயிற்று.

ஆனால் உட்புகுந்த அணியின் பெயர் அன்ட்ரெட்டி அன்று, கடிலாக். மைக்கல் அன்ட்ரெட்டி அதற்கு முன்னரே முன்னணியிலிருந்து விலகிவிட்டார். தந்தை மாரியோவுக்குப் பணிப்பாளர் சபையில் ஓரிடம் கிடைத்தது. கதவைத் தட்டியவர் ஒருவர், உட்புகுந்தவர் பிறிதொருவர். மிச்சிகன் மாநிலம் ஜெனரல் மோட்டர்சின் தாயகம் என்பதை நினைவிற்கொள்வோர்க்கு இதில் வியப்பில்லை. அரசியல்வாதியின் கை கதவைத் திறக்கும்; யாருக்காகத் திறக்கின்றது என்பது வேறு வினா. இவ்வினாவை மனத்திற்கொண்டே நம் நாட்டுக் கதைக்குத் திரும்புகின்றோம்.

பேரரசின் மன்றம்

கிரிக்கெட்டின் சர்வதேச மன்றம் பிறக்கும்போதே அரசியலோடு பிறந்தது. தென்னாபிரிக்கச் சுரங்கச் செல்வரும் அரசியல்வாதியுமான ஏப் பெய்லி என்பார் விடுத்த யோசனையின் பேரில், 1909ஆம் ஆண்டு இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்றும் லோட்ஸ் மைதானத்திற் கூடி, ‘இம்பீரியல் கிரிக்கெட் மாநாடு’ என்ற பெயரில் அதனை அமைத்தன. பெயரே அதன் இயல்பைக் காட்டும். பேரரசுக்குப் புறம்பான நாடு எத்துணை நன்றாக ஆடினும் அதனுள் இடம்பெறல் இயலாது. 1926இல் இந்தியா, நியூசிலாந்து, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியன சேர்க்கப்பட்டன. பிரிவினையின் பின் பாக்கிஸ்தான் 1952இல் இடம்பெற்றது. 1961இல் தென்னாபிரிக்கா பொதுநலவாயத்தை விட்டு நீங்கியபோது, மன்றத்திலும் அதன் இடம் இழக்கப்பட்டது. ஆடுகளத்தில் அவ்வணியின் ஆற்றல் அணுவளவும் குறைந்திலது. மாறியது அரசியல் நிலை மட்டுமே. முப்பது ஆண்டுகள் கழிந்து, 1991இல் அந்நாடு மீளச் சேர்க்கப்பட்டபோதும், ஆபிரிக்க தேசிய காங்கிரசின் ஆதரவே கதவைத் திறந்தது.

இலங்கையின் நிலை யாது? கட்டுப்பாட்டுச் சபை 1948ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் முதற் தலைவர் பாக்கியசோதி சரவணமுத்து. அவ்வாண்டு மார்ச்சில் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியிற் கொழும்பில் இறங்கி ஆடியபோது, இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவ சதாசிவம். ஆட்டம் நிகழ்ந்த ஓவல் மைதானமே இன்று சரவணமுத்துவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சபையின் தொடக்கத்திலும் அணியின் முன்னணியிலும் தமிழர் இருந்தனர் என்பது பெருமைக்காக மட்டும் கூறப்படுவதன்று. பின்னர் எழுப்பவிருக்கும் வினாவொன்றுக்கு இது வேண்டப்படுகின்றது.

1965இல் மன்றம் தன் பெயரிலிருந்த ‘இம்பீரியல்’ என்ற சொல்லைக் களைந்து, இணை உறுப்பினர் என்ற புதிய படியொன்றை ஏற்படுத்தியது. இலங்கை, பீஜி, ஐக்கிய அமெரிக்கா ஆகியன அப்படியிற் சேர்க்கப்பட்டன. திண்ணையில் இருத்தியமை போன்றதே இது: விருந்தினர் உள்ளே உண்பர், இணை உறுப்பினர் வெளியிலிருந்து பார்ப்பர். அதே ஆண்டு ஜனவரியில் மைக்கல் திசேராவின் தலைமையில் இலங்கை அணி அகமதாபாத்தில் இந்திய அணியைத் தோற்கடித்திருந்தது. ஆயினும் அது ‘உத்தியோகபூர்வமற்ற’ வெற்றி என்றே ஏட்டில் எழுதப்பட்டது.

1970களில் முழு உறுப்புரிமைக்கான கோரிக்கை திரும்பத் திரும்ப எழுந்தது. இக்காலத்திற் கட்டுப்பாட்டுச் சபைக்குத் தலைமை வகித்தோருள் இடதுசாரித் தலைவர் என். எம். பெரேராவும் ஒருவர். தோட்டங்களையும் துறைமுகங்களையும் பொதுவுடைமையாக்கக் குரலெழுப்பிய ஒருவர், கனவான்களின் ஆட்டம் எனப்பட்ட ஒன்றின் சபையில் அமர்ந்தமை, இந்நாட்டில் விளையாட்டும் அரசியலும் எத்துணை நெருங்கியவை என்பதற்குச் சான்று. ஆடுகளமும் தன் பங்குக்குச் சான்றளித்தது. 1975 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியா பெற்ற 328 ஓட்டங்களைத் துரத்திய இலங்கை, தொம்சனின் பந்துகளால் இரு துடுப்பாட்டக்காரர் மருத்துவமனை செல்ல நேர்ந்தும், 4 விக்கெட் இழப்புக்கு 276 ஓட்டங்களைப் பெற்றது. 1979இல் இணை உறுப்பினர்க்கான கிண்ணத்தை வென்றதோடு, உலகக் கிண்ணத்தில் இந்தியாவை 47 ஓட்டங்களால் வீழ்த்தியது. இவ்வளவும் செய்தும் கதவு திறக்கவில்லை. மன்றத்தை நிறுவிய நாடுகள் என்ற வகையில் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் மறுப்பாணை உரிமை இருந்தது. போதிய மைதானங்கள் இல்லை, உள்ளூர்ப் போட்டிகளின் தரம் போதாது என்பன மறுப்புக்குரிய காரணங்களாயின. போர்மியுலா 1இன் உரிமையாளர் 2024இற் கூறிய காரணங்களோடு இவற்றை ஒப்புநோக்குக. உள்ளிருப்போர் வெளியிலிருப்போரைத் தடுக்கும் மொழி காலத்தால் அதிகம் மாறுவதில்லை.

1981 ஜூலை 21

1981இற் கட்டுப்பாட்டுச் சபையின் தலைமையை ஏற்றவர் காமினி திசாநாயக்க. 39 வயதினரான அவர் அப்போது காணி, மகாவலி அபிவிருத்தி அமைச்சர். ஜே. ஆர். ஜயவர்த்தன அரசின் மாபெருந் திட்டத்தைக் கையில் வைத்திருந்தவர். எமது மாவட்டத்துக்கு அவர் புதியவரல்லர். பொல்கொல்லையில் மறிக்கப்பெற்ற மகாவலி நீர் மலையைக் குடைந்து உக்குவெலைக்கு வருவதும், அங்கிருந்து சுது கங்கை வழியாக அம்பன் கங்கை சேர்ந்து, போவத்தென்னையிலிருந்து தம்புள்ளைப் பக்கம் செல்வதும் மாத்தளையார் கண்முன் நிகழ்வன. தம் அமைச்சின் பெருந்திட்டத்தில் எவ்வேகத்தை அவர் காட்டினாரோ, அவ்வேகத்தையே கிரிக்கெட்டிலும் காட்டினார்.

அக்கோடையில் இலங்கை அணி இங்கிலாந்திற் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது. திசாநாயக்க லண்டன் சென்று, மன்றத்தின் உறுப்பினர்களிடம் நேரிற் பேசினார். பாக்கிஸ்தானும் இந்தியாவும் துணைநின்றன. மைதானங்கள் இல்லை என்ற வாதத்துக்கு, அவற்றை அமைத்துத் தருவோம் என்று கூறும் வல்லமை ஓர் அமைச்சருக்கு இருந்தது. சாதாரண கழகச் செயலாளர் ஒருவர் அவ்வாறு கூறியிருப்பின் அச்சொல் எடுபட்டிராது. 1981 ஜூலை 21ஆந் திகதி இலங்கை முழு உறுப்புநாடாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அக்காலத்தில் மகாவலித் திட்டத்தின் விக்டோரியா அணைக்குப் பிரித்தானியா நிதியுதவி அளித்தது உண்மையே. ஆயினும், அணையொன்று வாக்கொன்றை வாங்கிற்று என்று எழுதுதல் வரலாறாகாது. அமைச்சரின் சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது என்பதே போதிய விளக்கமாகும்.

1982 பெப்ரவரி 17ஆந் திகதி சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதலாவது டெஸ்ட் ஆட்டம் தொடங்கியது. பந்துல வர்ணபுர தலைமை தாங்கினார். பாடசாலை மாணவராயிருந்த அர்ஜுன ரணதுங்க இலங்கையின் முதலாவது அரைச்சதத்தைப் பெற்றார். இரண்டாவது இன்னிங்சில் 3 விக்கெட்டுக்கு 167 என்றிருந்த நிலை, 175க்கு அனைவரும் ஆட்டமிழந்த நிலையாயிற்று. இங்கிலாந்து 7 விக்கெட்டுகளால் வென்றது. அனுமதி கிடைத்தவுடன் ஆற்றல் கிடைத்துவிடுவதில்லை. ஆனால் அனுமதி இன்றேல் ஆற்றல் வளர்வதற்கு இடமில்லை. 1985இல் இந்தியாவை வென்று முதல் டெஸ்ட் வெற்றியும், 1996 மார்ச் 17இல் லாகூரில் உலகக் கிண்ணமும் கிடைத்தமை இதற்குச் சான்று. முதல் டெஸ்டில் ஆடிய அம்மாணவரே லாகூரிற் கிண்ணத்தை ஏந்தியவர். 1981இற் கதவு திறவாதிருந்தால் இவை நிகழ்ந்திரா என்பது ஐயமற்ற முடிவு. அவ்வகையிற் காமினி திசாநாயக்கவின் தலையீடு பயனுடைய தலையீடே.

வீட்டுக்குள் வந்த கை

கதவைத் திறந்தவர் வெளியே நின்றுவிட்டால் கதை இனிதே முடிந்திருக்கும். ஆயின் இந்நாட்டில் அவ்வாறு முடியவில்லை. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம், சங்கங்களைக் கலைக்கவும், இடைக்கால நிருவாகத்தை நியமிக்கவும், தேசிய அணிக்கு அங்கீகாரம் வழங்கவும் அமைச்சருக்கு அதிகாரம் அளித்திருந்தது. மன்றத்தின் வாயிலைத் திறக்க அமைச்சரின் செல்வாக்கு உதவிய நாட்டில், மன்றத்தின் உள்ளறையும் அமைச்சருக்கு உரியதே என்ற எண்ணம் வேரூன்றுதற்கு இச்சட்டம் வழிவகுத்தது.

முதல் டெஸ்ட் நிகழ்ந்த அதே ஆண்டின் இறுதியில், பந்துல வர்ணபுர தலைமையில் வீரர் பதினால்வர் நிறவெறித் தென்னாபிரிக்காவுக்குச் சென்று ஆடினர். அவர்களுக்கு 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. நிறவெறியை எதிர்த்தல் நேரியதே. ஆயினும், நாட்டின் முதல் டெஸ்ட் தலைவரே ஆண்டொன்று முடியுமுன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார் என்பது, அனுமதியும் விலக்கும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பதைக் காட்டுகின்றது. 1999ஆம் ஆண்டு முதலாகச் சபை கலைக்கப்படுவதும் இடைக்காலக் குழு அமர்த்தப்படுவதும் வழமையாயின. அமைச்சர் மாறினால் குழு மாறும். அரசு மாறினால் தலைவர் மாறுவார்.

இதன் உச்சம் 2023 நவம்பரில் நிகழ்ந்தது. உலகக் கிண்ணத்தில் மும்பாயில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்கு இலங்கை அணி சுருண்டது. நவம்பர் 6ஆந் திகதி விளையாட்டமைச்சர் ரொஷான் ரணசிங்க சபையைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்கவின் தலைமையில் இடைக்காலக் குழுவொன்றை நியமித்தார். மறுநாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. 9ஆந் திகதி, சபையின் நிருவாகிகள் விலக வேண்டும் என ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருமித்துப் பாராளுமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றின. 10ஆந் திகதி சர்வதேச மன்றம் இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. அரசின் தலையீடின்றித் தன் கருமங்களை நடத்தும் கடமையை மீறியமையே காரணமெனக் கூறப்பட்டது. இலங்கையில் நிகழவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. 27ஆந் திகதி அமைச்சர் பதவி நீக்கப்பட்டார். 2024 ஜனவரி 28ஆந் திகதியே தடை நீங்கியது.

வரலாற்றின் முரணை ஈண்டு நோக்குக. 1981இல் ஓர் அமைச்சரின் முயற்சியாற் பெற்ற உறுப்புரிமை, 2023இல் இன்னோர் அமைச்சரின் செயலால் இடைநின்றது. சபையில் ஊழல் இருந்தது என்ற குற்றச்சாட்டு பொய்யென்று இதனாற் கூறப்படவில்லை. பாராளுமன்றத்தின் சீற்றம் மக்களின் சீற்றமே. ஆயின் 1981இல் அரசியல்வாதி வெளியே நின்று பிறர் கதவைத் தட்டினார். 2023இல் தன் வீட்டுக்குள்ளேயே நின்று கதவை உடைத்தார். அமெரிக்கக் காங்கிரசார் கூட, பொதுச் சட்டமொன்றை முன்வைத்து வினாத் தொடுத்தனரேயன்றி, அணிகளின் பட்டியலைத் தாமே எழுத முற்படவில்லை. தலையீடு என்ற ஒரே சொல்லால் இவ்விரண்டையும் சுட்டுதல் பொருந்தாது.

உறுப்புரிமை பெறாதோர்

இதுவரை கூறியது இலங்கை என்ற ஒரே முழுமையைப் பற்றியது. ஆயின் 1981 ஜூலையில் முழு உறுப்புரிமை பெற்ற அந்த இலங்கையினுள் யார் யார் அடங்கினர் என்ற வினாவை மலையகத் தமிழ் மாணவன் ஒருவன் தவிர்த்துச் செல்லல் இயலாது.

கட்டுப்பாட்டுச் சபை தோன்றிய அதே 1948ஆம் ஆண்டில், பிரசாவுரிமைச் சட்டமும் நிறைவேறியது. அதனால் மலையகத் தோட்டத் தொழிலாளர் பல இலட்சம் பேர் நாடற்றோராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாற் பங்கிட்டது. லோட்ஸ் மைதானத்தில் இலங்கை ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளிலும், மாத்தளை மாவட்டத்துத் தோட்ட லயங்களிற் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோர் இருந்தனர். நாடு உலக மன்றத்தின் முழு உறுப்பாயிற்று. அவர்களோ நாட்டின் உறுப்பினராகவில்லை. அன்று லண்டனிற் கூறப்பட்ட தகுதியின்மைக் காரணங்களுக்காக வருந்தியோர், தம் நாட்டில் அதே மொழியாற் பிறரை வெளியே நிறுத்தியிருந்தமையை எண்ணினரா? இச்சிக்கலைத் தீர்க்கும் இறுதிச் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது.

மேலும் ஒன்று. அவ்வாண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, மாவட்ட சபைத் தேர்தலின் பொருட்டு அந்நகரில் தங்கியிருந்த அமைச்சர் இருவருள் ஒருவர் காமினி திசாநாயக்க. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிட்டியது அதன்பின் ஏழு வாரங்களில். இவ்விரு நிகழ்வுகளையும் ஒரே ஆண்டின் ஏட்டிற் சேர்த்துப் படித்தல் வேண்டும். ஒன்றால் மற்றொன்றை மறைத்தல் நேர்மையாகாது. 1983 ஏப்ரலிற் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் முதலாவது டெஸ்ட் நிகழ்ந்தது. ஏறத்தாழ மூன்று மாதங்களின் பின், அங்கிருந்து பதினாறு மைல் தொலைவிலுள்ள மாத்தளை நகரில் தமிழர் கடைகளும் முத்துமாரியம்மன் கோயிலும் தீக்கிரையாயின.

இத்தனைக்குமிடையே, தோட்டத் தொழிலாளியாக வந்தவரின் பேரன், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி மாணவர் முத்தையா முரளிதரன், 1992இல் அணியிற் சேர்ந்து 800 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்தினார். இதனைக் காட்டி, எல்லோர்க்கும் கதவு திறந்தே இருந்தது என வாதிடுவோர் உளர். ஒருவர் புகுந்தமை கதவு திறந்திருந்தமைக்குச் சான்றன்று. அவர் எத்துணைப் பேராற்றல் படைத்தவர் என்பதற்கே சான்று. சரவணமுத்துவும் சதாசிவமும் கொழும்பின் மேட்டுக்குடியினர். அவர்களுக்கு வாயில் என்றும் தடையாக இருந்ததில்லை. மைதானமில்லாத் தோட்டப் பாடசாலையொன்றின் மாணவனுக்கு எந்த அமைச்சர் கதவைத் தட்டினார்?

இன்று தம்புள்ளை என்ற பெயரில் அணியொன்று உண்டு. 2020இல் தொடங்கிய லங்கா பிரிமியர் லீக்கில் அது வைக்கிங், ஜயண்ட்ஸ், ஓரா, தண்டர்ஸ், சிக்சர்ஸ் எனப் பெயர் மாறி மாறி விற்பனையாயிற்று. 2024இல் ஆட்டநிர்ணயக் குற்றச்சாட்டின் பேரில் உரிமையாளர் ஒருவர் கைதானதால், அணியின் உரிமம் இரத்தாகி வேறொருவர் கைக்கு மாறியது. 2020இன் முழுத்தொடரும் ஹம்பாந்தோட்டையிலேயே நிகழ்ந்தது. எமது மாவட்டத்தின் பெயர் மன்றத்துள் அனுமதிக்கப்பட்டது; மாவட்டம் அனுமதிக்கப்பட்டதா என்பது ஐயத்துக்குரியது. அன்ட்ரெட்டி தட்டிய கதவினுள் கடிலாக் புகுந்த கதை ஈண்டு நினைவுக்கு வருகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, உள்ளிருப்போரின் நலன் காக்கும் மன்றங்கள் தகுதியை மட்டுங் கண்டு கதவைத் திறப்பதில்லை. அவற்றின்மேல் வெளியிலிருந்து ஓர் அழுத்தம் வேண்டப்படுகின்றது. இரண்டு, தகுதி முன்னரே நிறுவப்பட்டவிடத்தே அவ்வழுத்தம் பயன்தருகின்றது. 1979இன் வெற்றிகள் இன்றி 1981இன் தூது வெறுங்கையோடு சென்றிருக்கும். சம்மேளனத்தின் இசைவு இன்றிக் காங்கிரசாரின் கடிதமும் வெறுங் கடிதமாயிருக்கும். மூன்று, அரசியல்வாதியின் இடம் வாயிலின் வெளிப்புறமே. உட்புகுந்து அமர்ந்தால், திறந்த கையே அடைக்கும் கையாகின்றது.

இம்மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தல் நம் கடன். கதவைத் திறக்குமாறு பிறரை நோக்கிக் கேட்போர், தம் வீட்டின் உட்கதவுகளையும் திறந்துவைத்தல் வேண்டும். லோட்ஸ் மைதானத்தின் வாயிலிற் பதினாறு ஆண்டுகள் திண்ணையிற் காத்திருந்த நாடு, லயத்துத் திண்ணையிற் காத்திருப்போரை மறத்தல் முறையன்று. தம்புள்ளை அரங்கில் விளக்குகள் ஒளிரும் இரவுகளில், அவ்வொளி எட்டும் தூரம் எவ்வளவு என்பதை அளந்தறிதல் இனிவரும் வரலாற்று மாணவரின் பணியாகுக.